நான் எழுதாமல் விட்ட வரி

நன்னிலம்,
ஆவணி 7

அன்புள்ள கவிப்ரியா,

செத்துப்போன பக்கிரிக்கு நம் கடையிலிருந்து மெசேஜ் போய்விட்டது, அதற்காகத்தான் முந்தாநாள் போனில் உன்னை அப்படிக் கத்தினேன். இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம்தான், அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, டப்ளினில் குளிர் தொடங்கும் முன் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். கத்தியது போனில், ஆனால் தப்பு என்னுடையது என்பதை எழுத்தில் கொடுத்துவிடுவதுதான் முறை என்று பட்டது.

கடைக் கம்ப்யூட்டருக்கு நீ எழுதிக் கொடுத்த 'வீடுவீடாக' என்கிற மெத்தட் ஒழுங்காகத்தான் நடந்தது. லிஸ்டில் உள்ள ஒவ்வொரு பெயராகப் போய் நிற்பது மட்டும்தான் அதன் வேலை, அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை do, end என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே, பிளாக் என்று நீ சொல்லும் கட்டளைத் துண்டாக எழுதி அதன் கையில் கொடுக்க வேண்டியவன் நான். மெத்தட் ஒரு பெயரில் நின்று அந்தப் பெயரை பிளாக்கிடம் ஒப்படைக்கும், பிளாக் தன் வேலையை முடித்ததும் அடுத்த பெயருக்கு நகரும், இவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னாய். முதலில் பெயரை மட்டும் திரையில் காட்டும் பிளாக்கைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கப்பா, அப்புறம் அதே மெத்தட்டுக்கு மெசேஜ் அனுப்பும் பிளாக்கைக் கொடுங்க என்றும் இரண்டு தடவை சொன்னாய். முப்பது வருஷமாக விதைக்கடை நடத்துகிறவனுக்கு ஒத்திகை எதற்கு என்று நேரே அனுப்பிவிட்டேன். உங்கள் சம்பா விதை தயார், மூன்று நாளில் நேரில் வந்து எடுக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுக்கப்படும் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மூச்சில் போனது.

பக்கிரி ஆடியிலேயே இரண்டு மூட்டை சொல்லிவைத்திருந்தார். மாரடைப்பில் போய் அன்றைக்கு ஒன்பது நாள். கருமாதி ஆகும் முன் ஒரு மனிதனின் பெயரை அடிக்க எனக்குக் கை வராது, நம் கடையில் என்றைக்கும் அப்படித்தான், அதனால் பெயர் அப்படியே இருந்தது. முன்பெல்லாம் நம் கடை ஆள் நல்லக்கண்ணுதான் வண்டியில் வீடுவீடாகப் போய்ச் சொல்வான், அந்த வாசலைப் பார்த்தால் வாயைத் திறக்காமல் திரும்பியிருப்பான். அவனைக் கிடங்கில் உட்கார வைத்ததும் நான்தான். மொதலாளி, உங்க மிஷினுக்குக் காலு நல்லா வச்சீங்க, கண்ணு வைக்க மறந்துட்டீங்களே என்று மூட்டை தூக்குகிறவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டான்.

மறுநாள் பக்கிரியின் சம்சாரம் ராசம்மாள் கடைக்கே வந்துவிட்டது. பதினாறாம் நாள் முடியாத துக்க வீட்டிலிருந்து ஒரு பெண் கடைத்தெருவுக்கு வருவதாவது. முன்பக்கம் ஏறாமல் கிடங்கு ஓரம் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சு சொல்லுச்சுண்ணே, மூணு நாள் கெடுவாமே, அதான் வந்தேன் என்றது. கையில் பக்கிரியின் போன், முழுசாக சார்ஜ் போட்டு வைத்திருந்தது. கருமாதி முடிந்ததும் குத்தகை நிலம் ஆறு மா, அந்த இரண்டு ஏக்கரையும் விட்டுவிட்டுத் திருப்பூரில் மகனோடு போய் இருப்பது என்றுதான் அந்த வீட்டில் முடிவாகியிருந்தது. நான் உள்ளதைச் சொன்னேன். இது மிஷின் அனுப்பியது, தப்பு என்னுடையது, இந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று எனக்கே நம்பிக்கை இல்லை, விதை வாங்காதேம்மா, மகனோடு போ என்றேன். விதை விற்கிறவன் வாயிலிருந்து இது வந்தது எனக்கே புதிது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த மனுசன் உசுரோட இருந்தவரைக்கும் அவரு பேச்சை நான் ஒரு நாளும் கேட்டதில்லண்ணே, இந்த ஒரு தடவை கேட்டுப் பாக்குறேனே என்றது. பக்கிரி சொல்லிவைத்த இரண்டு மூட்டையையும் தனியே எடுத்து வைத்தேன். திருப்பூர் போய்ப் பிழைத்திருக்கும், நான் இங்கேயே இழுத்துப்போட்டுவிட்டேன். பயிர் காய்ந்தால் நான்தான் காரணம்.

நேற்று நீ சொன்ன பிளாக்கை ஓட்டினேன், பெயர்கள் மட்டும் திரையில் இறங்கின. பக்கிரியைச் சேர்த்து நாலு பேர் உயிரோடு இல்லை, மற்ற மூன்று பெயரையும் கருமாதி முடிந்தும் அடிக்க மறந்திருக்கிறேன், அந்த வீடுகளிலிருந்து யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் பதினோரு பேர் விவசாயத்தையே விட்டுவிட்டார்கள். அனுப்பும் பிளாக்கில் இப்போது முதல் வரியாக, துக்கம் என்று குறித்த பெயரானால் எதுவும் செய்யாமல் அடுத்த பெயருக்குப் போ என்று எழுதியிருக்கிறேன், உன் மெத்தட்டில் ஒரு எழுத்தும் தொடவில்லை. அங்கிருந்தே திறந்து பார்த்துச் சரியா என்று சொல்.

சனிக்கிழமை அம்மாவிடம் மறக்காமல் பேசு, நான் கத்தினது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீ நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க நன்றாக இரு அம்மா.

உன் அப்பா,
மதிவாணன்

பி.கு. ராசம்மாளோடு பேசி முடித்ததைக் கேட்பாய். இரண்டு மூட்டை, மூட்டை ஆயிரத்து இருநூறு, சும்மா கொடுத்தால் தொடமாட்டேன் என்றது. கருமாதிக்கு மறுநாள் நல்லக்கண்ணு வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஆவணி கடைசிக்குள் வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் பிரிக்காத மூட்டையை அதே விலைக்கு நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பில் பக்கிரி பெயரில்.