தையல் இயந்திரம் எந்தப் பக்கம்?

மார்ச் 17, செவ்வாய்

அன்புள்ள மனைவிக்கு,

மகள் வீட்டில் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். நீ புறப்பட்டது பிப்ரவரி 26. அறை விஷயத்தை நான் உன்னிடம் தெரிவித்தது 25. பத்து நாளில் வந்துவிடுவதாகத்தான் சொன்னாய்.

நம் தலைநகரைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கும் வெளிநாட்டு மாணவர்களில் ஒருத்தி, 28ஆம் தேதி முதல் உன் தையல் அறையில் தங்கியிருக்கிறாள். நல்ல பெண். நம் மொழியைக் கற்றுக்கொண்டு வந்தவள். அருங்காட்சியகம், நீதிமன்றம், சந்தை எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, நேற்று நம் குடும்பத்தை ஆராய வந்தாள்.

"உங்க வீட்டுல முடிவெல்லாம் யார் எடுப்பாங்க, தாத்தா?"

"நானும் பாட்டியும் கலந்து பேசித்தான்" என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு, மாடிப்படிக்கு அடியில் போர்வை மூடிக் கிடந்த உன் தையல் இயந்திரத்தைப் பார்த்தாள்.

"அப்போ அந்த ரூமை எனக்குக் குடுக்கலாம்னு பாட்டியும் சொன்னாங்களா?"

எனக்கு இருமல் வந்துவிட்டது.

"மெதுவா தண்ணி குடிச்சிட்டே சொல்லுங்க" என்று உட்கார்ந்திருந்தாள். விடுகிறவளாகத் தெரியவில்லை.

"கேக்கலைம்மா" என்றேன். எழுதியதை அடித்துவிட்டாள்.

வரும் ஞாயிறு, 22ஆம் தேதி, அவர்கள் ஊர் திரும்புகிறார்கள். அன்று மாலையே இயந்திரத்தை உன் அறைக்குக் கொண்டுபோகிறேன். அதைச் சன்னலைப் பார்த்துப் போட்டிருந்தாயா, சுவரை ஒட்டியா? தேதிகளெல்லாம் நினைவிருக்கும் எனக்கு இது நினைவில் இல்லை. நானாக ஓரிடத்தில் போடப்போவதில்லை. அறையின் நடுவிலேயே இருக்கும்.

நீ வந்து சொல்.

இப்படிக்கு,
உன் கணவன்