வீட்டை ஓட்டிக்கொண்டு போனார்

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து மூன்று தடவை தலையை இடித்துக்கொண்டாயிற்று. இரண்டு தடவை மேல் பலகையில், ஒரு தடவை வாசல் நிலையில். நிலை என்ன நிலை, வேன் கதவு. குனிந்து ஏறு, குனிந்து இறங்கு, குனிந்து சமை. வேனுக்குள் குடிவந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். பழகிவிடும் என்று இவர் தினமும் சொல்கிறார். அவருக்கென்ன, பத்தொன்பது வருஷம் டூரிஸ்ட் டிரைவராக இதே வேனுக்குள்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு எதற்குப் பழக வேண்டும்?

ஏற்காடு ஒண்டிக்கடையில் வாடகை வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். பொங்கல் கழிந்த மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். "ஹோம்ஸ்டே ஆக்கறமுங்க, ஒரு மாசத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார். நான் போட்ட காபி. அதற்குப் பிறகு ஏற்காடு முழுக்க அலைந்தோம். எல்லோருக்கும் சனி ஞாயிறு வந்து போகிறவர்கள்தான் வேண்டுமாம். முப்பது நாளும் இருக்கிற ஆட்கள் வேண்டாமாம்.

வேனுக்குப் பர்மிட் முடிந்திருந்தது. இவர் சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகை அடித்தார். மெக்கானிக் மேக்ஸ்வெல் ஒரு பழைய டிரெய்லர் மேல் தகரப் பெட்டி ஒன்றை வெல்டிங் வைத்துக் கொடுத்தான். வேனில் நாங்கள் இருவரும், பெட்டியில் எங்கள் பெண் கீர்த்தனா. நாகலூர் ரோட்டில் காபி எஸ்டேட்டின் பழைய குடோன் ஓரமாக நிறுத்திக்கொள்ள, எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் சரி என்றார். இதுதான் இப்போது எங்கள் குடித்தனம்.

மார்ச் 14

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டுக் குழாய்க்கு நான்கு நடை. குளிக்கவும் அங்கேதான், வரிசையில். தையல் இன்று ஒரே ஒரு ரவிக்கை.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். பெங்களூர் வண்டி. கேட்கவில்லை, கொள்ளவில்லை, ஆளாளுக்குப் போனைத் தூக்கிவிட்டார்கள். என் கொடியில் காய்கிற உள்பாவாடையோடு சேர்த்துப் படம். "சோ க்யூட்" என்று ஒருத்தி. பெட்டிக்குள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஹாய்" என்கிறாள்!

கரண்டியோடு இறங்கிக் கத்தினேன். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? பின்னாலேயே போய், பகோடா பாயிண்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வழி சொல்லிவிட்டு வந்தார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்கிறது. நல்ல மனுஷனோடு குடித்தனம் பண்ணுகிறவளை யாரும் கேட்பதில்லை.

ஏப்ரல் 8

பள்ளிக்கூடத்தில் ஏதோ படிவம் கொடுத்திருக்கிறார்கள். முகவரி என்ற இடத்தில் கீர்த்தனா வேனின் நம்பரை எழுதியிருக்கிறாள். டீச்சர் கூப்பிட்டுக் கேட்டதும், "எங்க ஊட்டு நம்பர் அதானுங்க டீச்சர்" என்றாளாம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் தையல் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 19

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். "மே மாசம் ரூமே கெடைக்காது தனம். சனி ஞாயிறு மட்டும் வேன யாருக்காச்சும் குடுத்தா..."

ஒரு வீட்டிலிருந்து டூரிஸ்டுக்காகத் துரத்தப்பட்டுத்தானே இங்கே வந்து கிடக்கிறோம்? இதிலிருந்தும் இறங்க வேண்டுமா? தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "இந்தப் பலகையில நம்மளத் தவுத்து வேற ஆரு படுத்தாலும், நானும் கீர்த்தனாவும் ஆத்தூருக்கு அக்கா ஊட்டுக்குப் போயிருவம். பாத்துக்குங்க." "சரி சரி" என்றார்.

அந்த "சரி" எனக்குத் தெரியும். வண்டி வருமா என்று யாராவது கேட்டால் யோசிப்பதற்கு முன்னாலேயே "வரும்" என்று சொல்லிவிடுகிற வாய் அது.

மே 12

என் நோட்டு வீட்டோடு போய்விட்டது. கீர்த்தனாவின் ரஃப் நோட்டில் எழுதுகிறேன்.

ஆமாம். வீடு போய்விட்டது.

இன்று சேர்வராயன் கோயில் திருவிழா. மாரமங்கலம் கண்ணம்மாளோடு நானும் கீர்த்தனாவும் காலையிலேயே கிளம்பிவிட்டோம். கண்ணம்மாள் ஆறு வருஷமாக என்னிடம்தான் ரவிக்கை தைக்கிறாள். மலை உச்சியில் அப்படி ஒரு கூட்டம். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன் - எனக்கு நிலையாக ஓர் இடம் கொடு. சாயங்காலம் நாகலூர் பஸ்ஸில் வந்து இறங்கினோம். குடோன் ஓரம் காலியாகக் கிடந்தது. டயர் தடம் நான்கு, தண்ணீர் டிரம், கொடிக் கயிறு, அந்தப் பக்கம் கீர்த்தனாவின் தகரப் பெட்டி மட்டும். இடம் மாறி இறங்கிவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் மண்டை குழம்பிப்போனது.

போன் அடித்தேன். "ஏனுங்க, ஊடு எங்கீங்க?"

உலகத்தில் எவளாவது புருஷனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாளா?

"பதறாத தனம். பகோடா பாயிண்ட் பக்கத்துல நிக்குது. ஒரு பார்ட்டி நொம்பக் கெஞ்சுனாங்க, எங்கியும் ரூம் இல்ல. நான் வெளிய ஜமக்காளத்துல படுத்துக்குவேன். காலைல வந்துரும்."

வந்துருமாம். ஆறு மணி பஸ்ஸா அது? என் அடுப்பு, என் மிஷின், நாளை மறுநாள் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய நான்கு ரவிக்கை, என் மாற்றுத் துணி - எல்லாம் யாரோ ஒரு பார்ட்டியோடு சூரிய உதயம் பார்க்கப் போயிருக்கிறது.

மே 13

பதினொன்றரைக்கு வந்தது. நான் ஏறிப் பார்த்தேன். என் சீப்பில் யாருடைய தலைமுடியோ சுற்றிக் கிடந்தது. அரைத்து வைத்த இட்லி மாவு ரோட்டு வளைவுகளில் பொங்கி வழிந்து அரிசி மூட்டை வரை போயிருந்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். துணி வெட்டுகிற கத்தரியை எடுத்து மசாலா பாக்கெட் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கத்தரியால் நான் ஒரு துண்டுக் காகிதம் வெட்டியதில்லை. கீர்த்தனாவைத் தொடவிட்டதில்லை.

"யாரக் கேட்டு எடுத்துட்டுப் போன?"

"ங்க" விட்டுப்போய்விட்டது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. இவர் முகம் சுண்டிப்போனது. "கைக்கொழந்தையோட வந்தாங்க தனம். பத்தொம்பது வருசத்துல கேட்டவங்களுக்கு இல்லீன்னு சொன்னதில்ல" என்றார். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர், எனக்கு மட்டும் சொல்கிறார். அதுவும் சொல்லாமல் சொல்கிறார்.

மே 14

பையைக் கட்டினேன். ஆத்தூருக்கு. கீர்த்தனா வர மாட்டேன் என்கிறாள். அடுத்த வருஷம் பிளஸ் டூ, பள்ளிக்கூடம் இங்கே. "நீ போயிட்டீன்னா அப்பாவுக்கு வசதியாப் போயிரும்மா. வாரா வாரம் வாடகைக்குப் போயிரும் நம்ம ஊடு" என்றாள். பையை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போது கோபம் இன்னும் கூடியது.

மே 17

இதை எழுதாமல் இருக்க முடியாது.

இவர் டவுனுக்குப் போயிருந்தார். அடுப்பில் உலை கொதிக்கிறது. எஸ்டேட் லாரி ஒன்று குடோனுக்குள் திரும்ப முடியாமல் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறது. "வண்டிய எடுங்கம்மா!" என்றான் டிரைவர். எனக்கு ஓட்டத் தெரியாது, அவர் வந்துவிடுவார் என்றேன். அவன் காத்திருக்கவில்லை. ஏறினான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான், ஸ்டார்ட் செய்தான், என் வீட்டைப் பத்தடி தள்ளி நிறுத்தினான். நான் உள்ளே உலைப்பானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இறங்கும்போது "பயப்படாதீங்கம்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

முன்பின் தெரியாதவன் ஏறி, என் வீட்டை என்னோடு சேர்த்து நகர்த்த முடிகிறது. என்னால் ஓரடி நகர்த்த முடியாது. அப்புறம் இது எப்படி என் வீடு? நான் இதில் யார்? சாமானா? மூன்று மாதமாக இவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். தப்பான இடத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 20

மேக்ஸ்வெல்லின் பட்டறைக்குப் போனேன். வண்டி ஓட்டக் கற்றுக் கொடு என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கட்டுங்களாக்கா?"

"அவருகிட்டக் கேக்கறதுக்கா நடந்து வந்தேன்? உங்கிட்டத்தான் கேக்கறேன்."

சரிங்கக்கா என்றான். அவனுடைய பழைய ஜீப்பில் செவ்வாய், வியாழன் மத்தியானம். முதலில் எல்.எல்.ஆர். போட வேண்டுமாம்.

ஜூன் 5

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவது விழவில்லை. வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டேன். மேக்ஸ்வெல்லை இல்லை, ஜீப்பையும் இல்லை.

ஜூன் 12

கிளட்சில் கால் நன்றாக நிற்கிறது என்றான் மேக்ஸ்வெல். இருபது வருஷம் மிஷின் மிதித்த கால், நிற்காமல் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்தால் இவர் சிரிக்கிறார். விஷயம் தெரிந்துவிட்டது. "ஜீப்பு வேற, வேன் வேற தனம். ஏத்தத்துல நின்னுச்சுன்னா உனக்கு வராது." முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டு முழுக்க, காம்புகூட மிஞ்சாமல்.

ஜூன் 29

ஞாயிற்றுக்கிழமை. இவரே சாவியைக் கொடுத்து, "வேன்லயே பழகு, பாப்பம்" என்றார். பெரிய மனது. சேர்வராயன் கோயில் ஏற்றத்தில் நடுவில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எடுக்கச் சொன்னார். பின்னால் இரண்டடி நழுவியது. "கடவுளே!" என்று இவரே ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டார். என்ன ஒரு திருப்தி அந்த முகத்தில்! இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். நடந்து வரும்போதுதான் நினைத்தேன், வீட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறேனே என்று. சிரிப்பு வரவில்லை.

ஜூலை 3

மேக்ஸ்வெல் அதே ஏற்றத்தில் பதினெட்டு தடவை நிறுத்தி எடுக்க வைத்தான். கடைசி ஏழு தடவை நழுவவில்லை.

ஜூலை 22

சேலத்தில் டெஸ்ட். பாஸ். திரும்பும்போது பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கீர்த்தனா கட்டிப்பிடித்துக்கொண்டாள். இவர் "அப்பிடியா" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றிருந்தார்.

ஆகஸ்ட் 3

ரைட்டர் வந்தார். குடோனைச் சுற்றி வேலி போடப் போகிறார்களாம், அடுத்த ஞாயிறுக்குள் எடுத்துவிட வேண்டுமாம். அவர் முகமும் நன்றாக இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் யாரையாவது இரண்டு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது.

இவருக்கு அதற்குள் யோசனை தயார். "ஏரிப் பக்கம் போயிரலாம். நாலு பேரு வர்ற எடம். டீ போடலாம், வாரக் கடைசில வேனக் குடுக்கலாம்..." சொல்லிக்கொண்டே போகிறார். மே மாதம் நடந்ததெல்லாம் மறந்தே போய்விட்டது போல.

ஆகஸ்ட் 4

காலை பஸ்ஸில் மாரமங்கலம் போனேன். கண்ணம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "ராகிக் காட்டு ஓரத்துல மேடு சும்மாத்தான் கெடக்குது. ரெண்டு வண்டியும் தாராளமா நிக்கும். குழாய் கொஞ்சம் தூரம், அத மட்டும் பாத்துக்க" என்றாள். டூரிஸ்ட் வருவார்களா என்று கேட்டேன். "இங்க எதப் பாக்க வர்றாங்க?" என்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கீர்த்தனா ஒரு பஸ் முன்னால் கிளம்ப வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டேன். சரி என்றாள். ஆத்தூர் பேச்சை நான் இனி எடுக்கப் போவதில்லை. போகிறதென்றால் வீட்டோடு போவேன்.

ஆகஸ்ட் 9

இவர் மறுபடியும் ஏரி, ஏரி என்றார். ஆணியிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தேடினார். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாவுச் சட்டியை வாளிக்குள் வைத்தேன். மிஷினைக் கயிறு போட்டுக் கட்டினேன். கத்தரியைத் துணியில் சுற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மேக்ஸ்வெல் ஜீப்பைக் கொண்டுவந்து கீர்த்தனாவின் பெட்டியை மாட்டினான். அவள் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். இவர் கீழே நின்று பார்த்தார். "ஏரிக்கு இந்தப் பக்கம் திருப்போணும்" என்றார். "மாரமங்கலம் போறமுங்க. கண்ணம்மா காட்டுக்கு. வர்றதுன்னா ஏறிக்குங்க" என்றேன். "ங்க" திரும்ப வந்திருந்தது. ஆனால் பழைய "ங்க" இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆனபிறகுதான் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறினார்.

ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. இவர் தன் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துகிறார். "ஒடிச்சுத் திருப்பு, ஒடிச்சு... கொஞ்சம் பின்னால..." என்றார். "பேசாம வாங்க" என்றேன். ஏற்றத்தில் நிறுத்தி, பஸ்ஸுக்கு வழிவிட்டு, எடுத்தேன். ஓர் அங்குலம் நழுவவில்லை. பஸ் டிரைவர் இவரைப் பார்த்துக் கையசைத்தான், பழகியவன் போல. இவர் கையைத் தூக்கவில்லை. எனக்குள் இருந்த கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஸ்டீயரிங் ஆடவில்லை.

மேட்டில் நிறுத்தி டயருக்குக் கல் வைத்தேன். இறங்கியதும் இவர் பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் சாவிக்குக் கையை நீட்டினார். நான் அந்தக் கையில் இரண்டு குடத்தைக் கொடுத்தேன்.

இவர் குழாய் எந்தப் பக்கம் என்று கண்ணம்மாளைக் கேட்டுக்கொண்டு போனார். நான் உள்ளே போய், குனிந்து, அடுப்பைப் பற்ற வைத்தேன்.