தையல் மிஷினடியில் நுவார்

2006 ஜனவரி 19, வியாழன்

இன்று ஒரு ஜாக்கெட்டின் கழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டேன். காரணம் நுவார். மிஷினடியில் படுத்துக்கொண்டு காலையிலிருந்து சொறிகிறான். சொறியும்போது பின்னங்கால் பெடலில் இடிக்கிறது. டக் டக் டக். நான் தைக்கிறேனா அவன் தைக்கிறானா தெரியவில்லை.

மழையில் உப்பளம் மைதானத்தில் நனைந்துகொண்டிருந்த நாய்க்குட்டியை என் மகள் மெரின்தான் தாவணிக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள். அவள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டாள், இவன் என்னிடம் தங்கிவிட்டான். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த என் கொழுந்தன் வைத்த பெயர் நுவார். கறுப்பு என்று அர்த்தமாம். தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை, நூவாரு ஆகிவிட்டான். இப்போது கறுப்பு எங்கே இருக்கிறது? வயிறும் அக்குளும் சிவந்து, காதோரம் முடி கொட்டி, கிட்டே போனால் ஒரு வாடை.

ஊசி போட்டாயிற்று. பவுடர், ஷாம்பு எல்லாம் ஆயிற்று. உண்ணி ஒன்றுகூட இல்லை. அப்புறம் எதற்கடா சொறிகிறாய்?

ஜனவரி 22, ஞாயிறு

முதல் பூசை முடிந்ததும் இவர் நேரே கறிக்கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை என் மாட்டுக்கறிக் குழம்பு இல்லாவிட்டால் சவரிராயனுக்கு அது ஞாயிறே இல்லை. நுவாருக்கும் அப்படித்தான். மசாலா போடுமுன் வெந்த கறியில் அவன் பங்கை எடுத்து வைத்துவிடுவேன், நல்லி எலும்போடு. இந்த வீட்டில் முதல் பந்தி அவனுக்குத்தான். எலும்பைக் கவ்விக்கொண்டு மிஷினடிக்குப் போனான். அந்த அரைமணி நேரம் மட்டும் சொறியவில்லை, பாவம்.

ஜனவரி 27, வெள்ளி

நாய் டாக்டர் சிவசங்கரியிடம் மறுபடி போனேன். சின்னப் பெண், நல்ல பெண், ஆனால் இன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பாட்டில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாமாம். "ஒரு ரெண்டு மாசம் ஒரே மாதிரி சாப்பாடு குடுத்துப் பாருங்கம்மா. கறி, மீனு எல்லாம் நிறுத்திடுங்க."

என் கையால் சாப்பிட்டு யாருக்கு என்ன வந்திருக்கிறது? "என் சமையல சாப்ட்டு இதுவரைக்கும் யாரும் சொறிஞ்சதில்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போது நுவார் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு சொறிந்தான். வாயில்லாத ஜீவனைப் பட்டினி போடச் சொல்கிறாளே.

பிப்ரவரி 5, ஞாயிறு

மெரின் போன் செய்தாள். அடுத்த மாதம் பிரசவத்துக்கு வருகிறாள். சந்தோஷமாகப் பேசிக்கொண்டே இருந்தவள் குரலை இறக்கினாள். "அம்மா, எங்க அத்தை சொல்றாங்க... சொறி நாய் இருக்கிற வீட்ல கொழந்தையை வெச்சிக்கக் கூடாதாம். ஒட்டிக்குமாம்."

"நீ இன்னாடி சொல்ற?"

அவள் அழுதுவிட்டாள். நானும்.

இவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பாஸ்கா வரைக்கும் பாப்போம் அகஸ்டினா. அதுக்குள்ள சரியாவலன்னா உன் தம்பிகிட்ட விட்டுடலாம்." ஈஸ்டருக்கு இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது. என் தம்பி லூர்துபிரகாஷ் நோணாங்குப்பம் படகுத் துறையில் வேலை பார்க்கிறான். நல்லவன்தான், அங்கே இடமும் இருக்கிறது. ஆனால் அங்கே என் மிஷின் இல்லையே.

பிப்ரவரி 7, செவ்வாய்

அந்தோனியாருக்கு மெழுகுவத்தி. காணாமல் போனதைத்தான் கண்டுபிடித்துத் தருவாரா? இதன் காரணத்தையும் கண்டுபிடித்துத் தரட்டுமே.

பிப்ரவரி 28, செவ்வாய்

நாளை சாம்பல் புதன். தவக்காலத்துக்கு முந்தின ராத்திரி என்று இவர் இரண்டு கிலோ வாங்கி வந்துவிட்டார். மூன்று பேரும் மூச்சுமுட்டத் தின்றோம். மூன்றாவது ஆள் நுவார்.

மார்ச் 1, புதன்

நெற்றியில் சாம்பல். இன்றிலிருந்து கறியில்லை, மீனில்லை, முட்டையில்லை. நுவாருக்கு மோர்ச்சோறு வைத்தேன். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான்.

மார்ச் 19, ஞாயிறு

மெரின் வந்துவிட்டாள்! வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியவளை நுவார் வாசலிலேயே மறித்து ஒரு ஆட்டம். நான் பதறிப்போய் இழுத்தேன். அவள்தான் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, வாடையே இல்லியே!"

உண்மைதான். தினம் பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. வயிற்றுச் சிவப்பும் வெளுத்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அமிர்தவல்லி தினமும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறாள். அதுவா? போன வாரம் தம்பி வந்து நோணாங்குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தான். அதுவா? இவர் ஏதோ புது சோப்பு வாங்கி வந்தார். யாராக இருந்தாலும் நன்றி. எனக்குத் தெரியும் அது அந்தோனியார் என்று.

ஏப்ரல் 2, ஞாயிறு

காதோரம் முடி முளைக்கிறது! கறுகறுவென்று, புது வெல்வெட் துணி மாதிரி.

வீட்டில் இதற்குச் சண்டை வேறு. "எல்லாம் நம்ம சோப்பு" என்கிறார் இவர். "அந்த சோப்ப போட்டு உங்க தலையில மொதல்ல முடி வர்தா பாருங்க" என்றாள் மெரின். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அமிர்தவல்லி, "எங்க மாரியாத்தா வேப்பிலைம்மா அது, சும்மாவா?" என்கிறாள். மெரின் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயமாகிவிட்டது, இங்கேயே பிரசவமாகிவிடுமோ என்று.

ஏப்ரல் 14, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வந்து உட்கார்ந்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. என்ன குறைகிறது என்று யோசித்தேன். அந்த டக் டக். கேட்டு எத்தனை நாளாயிற்று என்றுகூட நினைவில்லை.

தம்பி போன் செய்தான். "அக்கா, பாஸ்கா முடிஞ்சி நாய இட்டுக்கினு போவ வரணுமா?"

"வேணாம்டா. நீ மட்டும் சாப்புட வா."

ஏப்ரல் 16, ஞாயிறு

பாஸ்கா! நடுராத்திரிப் பூசை முடிந்து வந்து தூங்காமலே அடுப்பைப் பற்றவைத்தேன். கோழி பிரியாணி, மாட்டுக்கறிக் குழம்பு, வறுவல். தம்பி வந்தான், அமிர்தவல்லி பாயசத்தோடு வந்தாள். நுவாருக்குத் தனி இலை போட்டேன். இத்தனை நாள் எங்களோடு மோர்ச்சோறு தின்ற பிள்ளை, கஞ்சத்தனம் பார்ப்பேனா? கறி, நல்லி, கொஞ்சம் பிரியாணி, மேலே இன்னொரு நல்லி. சம்மந்தியம்மாவே போனில் "நாய் சுகமாயிடுச்சாமே" என்று கேட்டார்கள். இன்று என்னைவிடச் சந்தோஷமானவள் புதுச்சேரியில் இல்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

டக் டக் டக்.

ஐயோ இன்னாடா இது. ஏன்டா. ஏன்டா செல்லம். நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்த? வேப்பிலை பூசியாச்சி, சோப்பு போட்டாச்சி. நிக்கல. காதோரம் புதுசா மொளைச்ச முடியையே பிராண்டுறான். மெரின் பாத்துட்டு வயித்த புடிச்சிக்கினு உள்ள போய்ட்டா. இவரு, "மே மாசக் கடைசியில பிரசவம் அகஸ்டினா" ன்னார். எனக்குத் தெரியாதா?

அந்தோனியாரே, குடுத்துட்டு வாங்கிக்கிறது நியாயமா?

ஏப்ரல் 19, புதன்

இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

வெட்கத்தை விட்டு டாக்டரிடம் போனேன். அவள் நுவாரைப் புரட்டிப் பார்த்தாள். "நடுவுல நல்லா ஆறியிருக்கே. இந்த ரெண்டு மாசமா இன்னாம்மா குடுத்தீங்க?"

"தனியா ஒண்ணும் குடுக்கலம்மா. எங்களுக்குத் தவக்காலம், கறி மீனு எதுவும் வாங்கல. நாங்க இன்னா துன்னமோ அதான் அவனுக்கும். சாம்பார் சோறு, மோர்ச்சோறு... அப்புறம் ஞாயித்துக்கிழமை பாஸ்காவுக்குத்தான்..."

அத்தோடு என் வாய் நின்றுவிட்டது. அவளும் என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் சொன்னப்ப கேக்கல. உங்க சாமி சொன்னாத்தான் கேப்பீங்க போல" என்றாள்.

சோப்புமில்லை, வேப்பிலையுமில்லை, உப்புத் தண்ணியுமில்லை. தெரியாமலே என் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். தெரியாமலேதான் வியாதியையும் ஊட்டியிருக்கிறேன். ஆசையாக ஊட்டினேனே.

மறுபடி மோர்ச்சோறு. நன்றாக ஆறின பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம், எது என்று தெரிய.

மே 7, ஞாயிறு

சிவப்பு அடங்கிவிட்டது. ஒரு வாரமாகக் கோழி கொடுக்கிறேன். ஒன்றுமில்லை. நான் மிஷினை நிறுத்திவிட்டு நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறேன். மெரின் கேலி செய்கிறாள்: "என் வயித்துல கொழந்தை ஒதைக்கிறதக்கூட நீ இப்பிடிக் கேக்கலம்மா."

மே 14, ஞாயிறு

இன்று மாட்டுக்கறி. ஒரே ஒரு துண்டு. எனக்குக் கை வரவில்லை, இவர்தான் வைத்தார். வாலை ஆட்டிக்கொண்டு விழுங்கிவிட்டு இன்னும் கேட்டான்.

மே 15, திங்கள்

சாயங்காலம். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். டக். கொஞ்சம் பொறுத்து, டக் டக்.

"ஏங்க! சொறியிறான்! சொறியிறாங்க!" என்று கத்திவிட்டேன். மெரின் ஓடிவந்தாள், இவர் சவரம் பாதியில் நுரையோடு ஓடிவந்தார். மூன்று பேரும் மிஷினைச் சுற்றி நின்று கைதட்டினோம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று யார் நினைத்தது? நுவார் பாதிக் காலைத் தூக்கியபடி எங்களை ஒருமாதிரி பார்த்தான்.

"சவரிராயன் வீட்டு நாய்க்கு மாட்டுக்கறி ஆவாதா! வெளிய சொல்லாத, மானம் போயிடும்" என்றார் இவர். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே வந்தது அமிர்தவல்லியின் குரல்: "எங்க வூட்டுல பொறக்க வேண்டியவன், வழி தவறி வந்துட்டான்!"

மே 26, வெள்ளி

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். என் தம்பிக்கு முன்னால் நுவாருக்குத்தான் சொன்னேன்.

ஜூன் 25, ஞாயிறு

இன்று ஞானஸ்நானம். சம்மந்தி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். விருந்துக்கு மாட்டுக்கறியும் உண்டு. நுவாருக்கு மட்டும் பெரிய மார்க்கெட்டில் இவரே போய்ப் பார்த்து வாங்கிவந்த சங்கரா மீன். மீனும் கொடுத்துப் பார்த்தாயிற்று, ஒத்துக்கொள்கிறது. முள்ளெடுத்துப் பிசைந்து வைத்தவரும் இவர்தான். சம்மந்தியம்மா நுவாரின் தலையைத் தொட்டுப் பார்த்து, "பட்டு மாதிரி இருக்கே!" என்றார்கள்.

சாப்பாடு முடிந்து வீடே அசந்து தூங்கியது. தூளியை மிஷினுக்குப் பக்கத்தில்தான் கட்டியிருக்கிறோம். நானும் கண்ணயர்ந்தேன்.

டக் டக் டக்.

தூக்கிவாரிப் போட்டது. யார் கறி போட்டது? விருந்தாளி எவராவது எலும்பை வீசிவிட்டார்களா? எழுந்து ஓடினேன்.

குழந்தை விழித்திருந்தாள். தூளிக்கு வெளியே ஒரு குட்டிக் கால் தொங்கியது. நுவார் மிஷினடியில் படுத்தபடியே அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வால்தான் பெடலில் அடித்தது.