ஞாயிற்றுக்கிழமை நடை

லிங்கராஜபுரம்
10 மார்ச் 2025

அன்புள்ள க்ளென்,

நானும் டீனாவும் கர்த்தருடைய கிருபையால் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று உங்கள் போட்டோக்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் தனியாக விசாரிக்கவில்லை.

பாஸ்டர் ஐயா சொன்னபடி லெந்து நாட்கள் முடிந்து ஈஸ்டர் வரும்வரை இந்த விஷயத்தைப் போனில் பேசப்போவதில்லை. போனில் ஆரம்பித்தால் நீங்கள் "சிக்னல் இல்லை" என்பீர்கள், நான் அழுவேன், டீனா டிவி சத்தத்தைக் கூட்டுவாள். எழுதினால் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே புக முடியாதாம். பக்கத்து வீட்டு சீனு தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குத்தானே கேப் ஓட்டுகிறான், அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். ஒரே ஊரில் இருக்கிற புருஷனுக்கு லெட்டர் போடுகிற பெண்டாட்டி இந்தப் பெங்களூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மே மாதம் நானும் டீனாவும் அங்கே வந்துவிட வேண்டும், பதினோராவது மாடியில் வீடு பார்த்திருக்கிறேன் என்கிறீர்கள். வரலாம். என் ஸ்கூல் வேலையை விட வேண்டும், டீனா தன் சிநேகிதிகளை விட வேண்டும், அப்பா கட்டிய இந்த வீட்டைப் பூட்ட வேண்டும். எல்லாம் செய்யலாம். ஆனால் யாரோடு இருப்பதற்காக? டிராபிக்கில் தினமும் சாக வேண்டாம் என்று நீங்கள் அங்கே பி.ஜி. ஹாஸ்டலில் தங்கியபோது நானும்தான் சரி என்றேன். ஞாயிறு நமக்கு என்று பேச்சு. இப்போது உங்கள் ஞாயிறு, பழைய வீடுகளைக் காட்ட நீங்கள் நடத்தும் "நம்ம வீதி" நடைக்கு வருகிற ஊர்ப்பட்ட ஜனங்களுக்குப் போய்விட்டது.

நேற்று நீங்கள் போட்ட போட்டோவில், பசவனகுடியில் ஏதோ பழைய வீட்டு ஜன்னல் கம்பியைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். தோளில் யாருடைய குழந்தை அது? கீழே எழுதியிருக்கிறீர்கள், "குடும்பத்தோடு உங்கள் ஊரை ரசியுங்கள்" என்று. டீனா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அந்தப் பாப்பாவுக்கு கால் வலிச்சிருக்கும்மா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பறித்துக் குப்புற வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு ஞாயிறு கேட்கிறேன். ஆராதனை முடிந்ததும் நாம் மூன்று பேர் மட்டும். கப்பன் பார்க், குட்டி ரயில், மசால் தோசை. டீனா கேட்பது இவ்வளவுதான். அதற்குப் பிறகு உங்கள் பதினோராவது மாடியைப் பற்றி யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
நோரா

எலெக்ட்ரானிக் சிட்டி
13 மார்ச் 2025

என் அன்பு நோராவுக்கு,

உன் லெட்டர் கிடைத்தது. சீனு அதைக் கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். உன் தமிழைப் படித்து எத்தனை நாளாயிற்று! சண்டே ஸ்கூல் டீச்சர் என்பது எழுத்திலேயே தெரிகிறது, அடி மட்டும்தான் விழவில்லை.

நீ கேட்பது நியாயம். என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். வாரம் முழுக்க நான் என்ன டிசைன் செய்கிறேன் தெரியுமா? "லிப்ட் இந்தப் பக்கம்", "டாய்லெட் அந்தப் பக்கம்". எல்லாக் கட்டடமும் ஒரே கண்ணாடி. ஞாயிறு காலையில் மல்லேஸ்வரத்தில் ஒரு சிவப்புத் தரையையோ, ஒரு சூரியன் வைத்த இரும்பு கேட்டையோ பார்த்தால்தான் எனக்கு மூச்சே வருகிறது. யாரோ ஒரு தச்சர், யாரோ ஒரு வெல்டர், சும்மா இருக்க முடியாமல் செய்த அழகு அது. அதை நாலு பேருக்குக் காட்டும்போது நான் நல்ல மனுஷனாக இருக்கிறேன். மற்ற நாட்களில் அப்படி இல்லை என்பது எனக்கே தெரியும்.

அந்தக் குழந்தை யாரோ ஷ்ரேயா என்பவருடையது. அடம் பிடித்தது, தூக்கினேன். டீனாவிடம் சொல், 23ஆம் தேதி ஞாயிறு அப்பா நேராக வீட்டுக்கே வருகிறார் என்று. சத்தியம். ஆராதனை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வந்து கிளம்பும் நேரத்துக்கு வாசலில் நிற்பேன்.

உன்,
க்ளென்

லிங்கராஜபுரம்
24 மார்ச் 2025

க்ளென்,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை. வந்ததும் சேர்த்துக்கொள்கிறேன்.

வருகிறேன் என்றீர்கள், வந்தீர்கள். சொன்ன நேரத்துக்கும் வந்தீர்கள். இருபத்திரண்டு பேரோடு.

டீனா ஆராதனையிலிருந்து வந்ததுமே மஞ்சள் கவுனும் ஷூவும் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றாள். அங்கே நின்றால் மெயின் ரோடு முனை தெரியும் அல்லவா, அங்கேதான் அவள் இடம். "அப்பா வந்தாச்சு!" என்று கத்தினாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டே ஓடிவந்தால், கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு நீங்கள், உங்களுக்குப் பின்னால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு ஊர்வலம். "இது என் மாமனார் கட்டின வீடு, உள்ள வாங்க, கிச்சன் தரையைப் பாருங்க" என்கிறீர்கள்.

அப்பாவுக்கு டைல்ஸ் வாங்க வசதி இல்லாமல் கடைக்காரர் தூக்கிப்போட்ட உடைசல்களைப் பொறுக்கிவந்து பதித்த தரை அது. சின்ன வயதில் சிநேகிதிகளைச் சமையலறைக்குள் விடமாட்டேன், அவ்வளவு வெட்கம். அதை மண்டியிட்டுப் போட்டோ எடுக்கிறார்கள். தொட்டியில் முந்தின நாள் பாத்திரம். பின்கட்டுக் கொடியில் என் துணிகள், எந்தத் துணி என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு "தும்ப சென்னாகிதே!" என்று, ரொம்ப நன்றாக இருக்கிறதாம், கன்னடத்தில் கண் கலங்குகிறார். நான் ஈரத் தலையோடு "தேங்க்ஸ்" சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுப்பேன். கடைசியில் "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டீர்களே, டீனா கையைத் தூக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். "அடுத்த வாக் எங்க? அதுல நானும் வரலாமா?" என்றாள். உங்களுக்கும் சிரிப்பு வந்தது. "கண்டிப்பா மேடம், பேர் குடுத்துட்டு வாங்க" என்றீர்கள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னீர்கள், அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு பெரியவரை மெட்ரோவில் விடப் போய், திரும்பி வந்து சோபாவிலேயே தூங்கிவிட்டீர்கள். கப்பன் பார்க் மூடும் நேரம் வரை டீனா ஷூவைக் கழற்றவில்லை.

நோரா

எலெக்ட்ரானிக் சிட்டி
27 மார்ச் 2025

என் அன்பு நோரா,

தப்புதான். சொல்லாமல் ஆட்களைக் கூட்டிவந்தது பெரிய தப்பு. இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எழுதும்போதே எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிகிறது.

ஆனால் ஒன்று சொல்லவிடு. நான் உங்களைக் காட்சிப்பொருளாக்க வரவில்லை, பெருமைப்பட வந்தேன். இந்த ஊரில் நான் பார்த்த எந்தத் தரையும் உன் அப்பா போட்ட தரைக்கு ஈடில்லை. நீ வெட்கப்பட்டதாக ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லையே? சொல்லியிருந்தால் கூட்டிவந்திருக்க மாட்டேன். அல்லது, உண்மையைச் சொன்னால், அப்போதும் கூட்டிவந்திருப்பேனோ என்னவோ.

டீனா ஷூவோடு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. என்னை எழுப்பியிருக்கலாம் நீ.

பதினோராவது மாடி வீட்டுக்காரர் ஏப்ரல் கடைசிக்குள் பதில் கேட்கிறார். நீங்கள் இங்கே வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை நோரா, தினமும் சாயங்காலம் சேர்ந்து இருக்கலாம். கொஞ்சம் இரக்கப்பட்டு யோசி.

க்ளென்

லிங்கராஜபுரம்
7 ஏப்ரல் 2025

அன்புள்ள க்ளென்,

பாருங்கள், கை வந்துவிட்டது.

நேற்று நாங்களே கிளம்பிவிட்டோம். உங்களை எழுப்பியிருக்கலாம் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு யாரையும் எழுப்பப் பிடிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி சிவாஜிநகர், அங்கிருந்து நடை. குட்டி ரயில் ஏறினோம், என் முட்டி முன்சீட்டில் இடித்துக்கொண்டே வந்தது. மழை வந்தது. ஒரு மரத்தடியில் முன்பின் தெரியாத பத்துப் பேரோடு நின்று சோளம் தின்றோம். தோசை தின்ற இடத்தில் டீனா சட்னியை மேலெல்லாம் கொட்டிக்கொண்டாள், திட்டக்கூடத் தோன்றவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை யாருக்காகவும் காத்திராமல் வெளியே போனால் இது இவ்வளவு நல்ல ஊரா என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று, சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. அவளுக்கு உங்கள் கண். போகிற வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, "அம்மா, அந்த கேட்ல மயில் இருக்கு, ஆனா வெல்டர் அங்கிளுக்குக் கால் போட மறந்துபோச்சு" என்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உங்கள் மேல் கோபமும் வந்தது. இதைக் கேட்க வேண்டியவர் நான் இல்லையே.

இப்போது மேடம் சொந்தமாக ஒரு நடை வைத்திருக்கிறார். நம்ம தெருவிலேயே. வருகிற 13ஆம் தேதி, குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்கு. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை நடக்கிறது, கையில் மைக்குக்குப் பதில் சீப்பு. கடைசி இடம் நம்ம வீட்டு கேட், அது அப்பாவுக்காக வைத்த இடம், வேறு யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாதாம். பேர் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றாள். உங்கள் பேரை நான் கொடுத்துவிட்டேன்.

கூட்டம் வேண்டாம், போட்டோ வேண்டாம். நீங்கள் மட்டும் வாருங்கள். அன்றைக்கு வந்தால், மே மாதம் நாங்கள் வருகிறோம். இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது.

அன்புடன்,
நோரா

எலெக்ட்ரானிக் சிட்டி
12 ஏப்ரல் 2025

என் அன்பு நோரா,

திட்டாதே. முழுக்கப் படி.

எங்கள் மேனேஜர் சேஷகிரி சார் நாளைக்குக் கம்பெனிக் குடும்பங்களுக்காக ஒரு நடை ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார். காலையில் முடிந்துவிடும் என்றுதான் இருந்தேன், இப்போது சாயங்காலம் என்கிறார். இது மட்டும் நன்றாக நடந்தால் நடையையே ஆபீஸ் வேலையாக்கிக்கொள்ளலாம், வாரநாளிலேயே முடித்துவிடலாம். அப்புறம் ஞாயிறு முழுக்க உங்களுக்குத்தான். இந்த ஒரு தடவை மட்டும்.

டீனாவுக்கு "நம்ம வீதி" டி-ஷர்ட் அவள் சைஸில் அடித்து சீனுவிடம் கொடுத்திருக்கிறேன். அவள் நடையை ஈஸ்டர் அன்றைக்கு மாற்றிவைக்கச் சொல். இன்னும் பெரிதாகவே செய்வோம், நம்ம ஆட்களில் குழந்தை வைத்திருப்பவர்கள் சிலரையும் அழைத்துவருகிறேன், அவளுக்கும் கைதட்டல் கிடைக்கும்.

கோபப்படாதே.

க்ளென்

லிங்கராஜபுரம்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள க்ளென்,

கோபம் இல்லை. இருந்தால் நல்லது என்று பார்த்தேன், இல்லை.

டி-ஷர்ட் சரியாக இருந்தது. "அப்பா லேட்டா வருவாரா, வரமாட்டாரா?" என்று கேட்டாள். வரமாட்டார் என்றேன். "சரி, அப்ப நாலு மணிக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றாள். டி-ஷர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டு மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டாள். கோவிலில் கொடுத்த குருத்தோலைச் சிலுவையை நெஞ்சில் ஊக்கால் குத்திக்கொண்டாள். அதுதான் அடையாள அட்டையாம்.

நடைக்கு வந்தவர்கள் நான், சீனுவின் மனைவி ஷோபா, மருந்துக்கடை நாய். முதலில் டெய்லர் கடை ஷட்டர். அதில் வரைந்திருக்கும் கத்தரிக்கோலுக்குக் கண்ணும் மீசையும் இருப்பதை இத்தனை வருஷமாக நான் பார்த்ததே இல்லை. அடுத்தது ஷோபா வீட்டுக் காம்பவுண்டு. உடைந்த பீங்கானைப் பதித்த அந்தச் சுவரில் ஒரு டீக் கப்பின் பிடி அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது. "இதப் பிடிச்சா செவுரையே தூக்கிக் குடிக்கலாம்" என்றாள் டீனா. ஷோபா சிரித்து உட்கார்ந்தேவிட்டாள். "ஏய் நோரா, பத்து வருசமா என் வீட்டு செவுரு, எனக்கே தெரியாதுடி இது!" என்றாள். அப்புறம் எங்களை நம்ம வீட்டுக்குள் கூட்டிப்போய்த் தாத்தா போட்ட தரையைக் காட்டினாள். எந்தத் துண்டு யானை, எந்தத் துண்டு மேகம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தத் தரை இனிமேல் வெட்கம் இல்லை. அதற்கு உங்களுக்கும் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

கடைசியாகக் கேட்டுக்கு வந்தோம். ஒத்திகையில் அவள் பேசியது எனக்குத் தெரியும், சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். "இது எங்க வீட்டு கேட். இங்க நின்னா மெயின் ரோடு முனை தெரியும். எங்க அப்பா வர்றப்போ முதல்ல தெரியறது அவர் பை, அப்புறம்தான் அவர்" என்று ஆரம்பிக்கும். நேற்று அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள். ரோடு முனையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இங்க பார்க்க ஒண்ணும் இல்ல. வாங்க, போலாம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஷோபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழவில்லை, டீனா பார்த்துவிடுவாளே என்று.

இன்றைக்கு ஸ்கூல் லீவு. நாளைக்கு ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்து நான் வேலையில் தொடர்கிறேன் என்றும் டீனா இங்கேயே நாலாம் வகுப்புப் படிக்கிறாள் என்றும் சொல்லிவிடுவேன். உங்கள் வீட்டுக்காரருக்கு நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள். லெந்து முடியப்போகிறது, இனி எழுதவும் வேண்டாம். பாஸ்டர் ஐயாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஈஸ்டர் ஆராதனைக்குப் பிறகு நானும் டீனாவும் லால்பாக் போகிறோம். வரக்கூடாது என்று சொல்லவில்லை. உங்களுக்கு வழி தெரியும். ஆனால் நாங்கள் கேட்டில் நிற்க மாட்டோம்.

நோரா