பின்னால் வரும் சைக்கிள்

ஜூலை 30, புதன் – ஓஸ்டர்முண்டிகன், சுவிட்சர்லாந்து

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா இன்றும் மூன்று தட்டு வைத்தார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். தம்பி நிலனின் சைக்கிள் டாவோசுக்குக் கீழே, ஆற்றங்கரைத் தடுப்புக் கம்பியில் சாத்தியபடி கிடைத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. போத்தலில் தண்ணீர் பிடிக்க இறங்கி வழுக்கியிருக்கிறான் என்றது பொலிஸ். போத்தல் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

உடல் இல்லாமலும் அந்தியேட்டி, செத்தவருக்கான கடைசிக் கிரியை, செய்யலாம் என்கிறார் கோயில் ஐயர். அம்மாவிடம் வாய் திறக்க முடியுமா? "ஆத்தோட போனதை ஆர் கண்டது?" என்று என்மேல் பாய்கிறார்.

எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வெளியே தேசிய தின வாணவெடி. நாளை அவன் பாதியில் விட்ட வழியை ஓடி முடிக்கப் போகிறேன். டாவோசிலிருந்து கூர் நகரம் வரை, தனியாக, அவன் சைக்கிளில்.

அம்மா: "அதைத் தொடாதை. வந்தா தேடுவான்."

ஆகஸ்ட் 2, சனி – கூரிலிருந்து திரும்பும் ரயில்

முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருக்கிறது. எழுதாவிட்டால் விசர் பிடித்துவிடும்.

டாவோசை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்னால் அந்தச் சத்தம். மிதிப்பதை நிறுத்தினால் பின்சில்லு டிக் டிக் என்னுமே, அது. ஆனால் நான் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்! திரும்பினேன். வெறும் ரோடு. அவன் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருவான். "நீ முன்னால போ அக்கா. விழுந்தா அள்ள ஆள் வேணுமே."

அந்தக் கம்பியில் சைக்கிளைச் சாத்த மனம் வரவில்லை. பிடித்தபடியே நின்றேன். கீழே ஆறு இரைந்தது. இதுக்குள்ளயாடா இறங்கினனீ? விசரா! தண்ணி குடிக்காட்டி செத்தா போயிருப்பாய்?

பிறகும் சத்தம் விடவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஃபிலிசூருக்குக் கிட்ட, பார்த்த பார்வையில் எதிரே வந்த லொறியில் மோதியிருப்பேன். அம்மா இன்னொரு வெறும் தட்டும் வைக்க வேண்டுமா?

அப்போதுதான் அப்பாவின் செத்தவீடு நினைவுக்கு வந்தது. கொள்ளி வைத்தது நிலன். எரியூட்டும் மண்டபத்தில் பொத்தானை அழுத்தினான். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. சின்னப் பெடியன், கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கார் வரை நடந்தான். "பாத்தா அப்பா போகமாட்டாராம் அக்கா."

இனிப் பார்க்கிறதில்லை என்று முடிவெடுத்தேன். தூசிஸ் தாண்டி ரைன் ஆற்றோரம் வந்தபோதும் சத்தம் கூடவே வந்தது. அழுதுகொண்டே மிதித்தேன். ஒரு இடத்தில் காதுக்குக் கிட்டவே கேட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. விடவில்லை.

கூரில் பிரேக் பிடித்தபோது பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா முதலில் சைக்கிளைத்தான் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "அவன் பின்னால வந்தவனோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வந்தவன், அம்மா. நான் திரும்பிப் பாக்கேல்லை."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த ஒரு வருடத்தில் முதல்முறையாகக் குரலெடுத்து அழுதார்.

ஆகஸ்ட் 9, சனி

இரண்டு தட்டு.

சோறு போட்டபடியே அம்மா சொன்னார்: "கோபிஷா, ஐயருக்கு ஃபோன் எடு."

"அந்தியேட்டியை ஆர் செய்யிறது அம்மா? ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையே."

"நீதானே திரும்பிப் பாக்காமல் வந்தனீ. நீயே செய்."