பெருங்காயமும் ஆகாத அக்காவுக்கு

உன் தூக்குவாளியை இன்று காலையில் புளி போட்டுத் தேய்த்தேன். எத்தனை தேய்த்தாலும் மூடியைத் திறந்ததும் லேசாக ஒரு குழம்பு வாசம் வருகிறது. அது நான் வைத்த குழம்பின் வாசம் இல்லை. மூடியில் உன் பெயரின் முதல் எழுத்தைப் பாத்திரக்கடைக்காரன் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறான். அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். நீ நாலாவதோடு நின்றவள். சிரிக்க மாட்டாய்.

நீ ஏன் நின்றாய் என்பது எனக்கு நேற்று நடந்தது போல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கோதுமை ரவை உப்புமா போட்டார்கள். அதைத் தின்ற அன்றெல்லாம் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க்கரைக்கு ஓடினாய். சாப்பாட்டை வீணாக்குகிறாய் என்று வாத்தியார் பிரம்பால் அடித்தார். பிறகு உன் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாய். இரண்டு தட்டையும் நான்தான் வழித்துத் தின்றேன். வெறும் வயிற்றோடு ஒரு நாள் நீ மயங்கி விழுந்தாய். நம் அய்யா உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் களை எடுக்க அனுப்பினார். களை எடுக்கப் போய்ச் சோறும் மீன்குழம்பும் தின்றதில் ஒரே மாதத்தில் உன் கன்னம் தேறிவிட்டது. “படிக்க வணங்காத சிறுக்கி, நடிச்சிருக்கா பாரு” என்றாள் அம்மா. நானும் நம்பினேன்.

உன்னை இராமேஸ்வரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு ஆடி அமாவாசைக்குக் கடலாட வந்தேன். உன் சமையலறைக் கதவின் உள்பக்கம் முழுக்கக் கரிக்கோடு.

“என்னக்கா, இங்கன கரியாலயா கோலம் போடுவாக?”

“வயிறு நொந்த நாளைக்கு ஒரு கோடுடி. முதல்ல வெறும் சோறும் மீனும் மட்டும் தின்னு பாத்தேன். கோடே விழல. அப்புறம் ஒன்னொன்னாச் சேக்குறேன். எது சேத்தா கோடு விழுதோ அது எனக்கு ஆகாது.”

வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றேன்.

உன்மேல் எனக்குக் கோபங்கள் உண்டு. எதையும் மறக்கவில்லை. பிரசவத்துக்கு நீ ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பஸ் ஏறி ரொட்டியும் ரஸ்க்கும் வாங்கி வந்தேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வேறென்ன வாங்குவார்கள்? நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுத்தாய். அதையாவது விழுங்கிக்கொண்டேன். என் மகள் கல்யாணத்தில் செய்ததுதான் தொண்டையில் நின்றுவிட்டது.

சம்பந்தி வீட்டார் நடுவில் பந்தியில் உட்கார்ந்து, இலையில் வைத்ததை எல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, இந்தத் தூக்குவாளியைத் திறந்தாய். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். நான் உன் காதருகே குனிந்தேன்.

“பூரிய வேண்டாம்னு வச்சுக்க. சாம்பாரும் ரசமும் என்ன பாவம் பண்ணுச்சு?”

“பெருங்காயம் போட்டிருக்காகடி. எனக்கு ஆகாது.”

“பெருங்காயம் ஆகாதா? வயித்துவலிக்கு உலகமே அதைத்தானக்கா கரைச்சுக் குடிக்குது.”

“பசிக்குத் திங்கிறேன் தாயி. ஊருக்குத் திங்க ஏலாது.”

“சோத்தைத் தூக்கிக்கிட்டு வந்த மாதிரி என் மானத்தையும் தூக்கிக்கிட்டுப் போயிரு” என்றேன்.

நீ பாதிச் சோற்றோடு மூடியை அழுத்தி மூடிவிட்டு எழுந்தாய். அதன் பிறகு பதினொரு வருஷம் நான் பாம்பன் பாலம் தாண்டவில்லை. தாண்டியது உன் சாவுக்குத்தான். உன் மகள், “அம்மா ஞாபகமா ஏதாச்சும் எடுத்துக்கங்க சின்னம்மா” என்றபோது இதைக் கைகாட்டினேன். பாசத்தில் எடுத்தேன் என்று அவள் அழுதாள். இதைக் கொண்டுபோய் இனி யாரும் எந்தப் பந்தியிலும் திறக்கக் கூடாது என்றுதான் எடுத்தேன். பரணில் போட்டேன்.

அடுத்த வருஷமே எனக்கு வந்தது. வயிறு ஊதும், பிடுங்கும், நிற்காமல் போகும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும் என்று மகள் ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தாள். தெம்புக்குக் கோதுமைக் கஞ்சி காய்ச்சினாள். நான் மெலிய மெலிய அவள் ரொட்டியைக் கூட்டினாள். இரண்டு வருஷத்தில் என் வளையல்கள் முழங்கை வரை ஏறின. நான் இனிப் பிழைக்க மாட்டேன் என்று அவள் கூடத்தில் போனில் பேசியது என் காதில் விழுந்தது.

மதுரையில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்து, வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார். கோதுமையில் இருக்கும் ஒரு பசை என் குடலுக்கு ஆகாதாம். அதுதான் குடலை அரிக்கிறதாம். ரத்த சொந்தத்தில் வரக்கூடியதாம்.

“ஏம்மா, உங்க கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?”

“எனக்குக் கூடப் பொறந்தவுக யாரும் கெடையாது” என்றேன். பதினொரு வருஷம் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லிப் பழகிய பதில், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

என் மகள் என்னையே பார்த்தாள். “ஏம்மா, பெரியம்மா?” என்றாள்.

அந்த நாற்காலியில் எனக்கு நீ தள்ளிவிட்ட உப்புமாத் தட்டு நினைவுக்கு வந்தது அக்கா.

கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் விட்டேன். முக்கால்வாசி தேறினேன். ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் வயிறு பிசைந்தது. சாப்பாட்டு முறை சொல்லித்தரும் பெண் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் தின்றதை எழுதுங்கள், வயிறு நொந்த நாளில் ஒரு கோடு போடுங்கள் என்றாள். நோட்டைத் திறந்தேன். உன் கதவு தெரிந்தது. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில், கண்ணாடி போட்ட படித்த பெண் சொல்லித்தந்த வித்தையை, நாலாம் வகுப்புக்காரி ஒருத்தி அடுப்புக்கரியை வைத்துக்கொண்டு தனியாகச் செய்து முடித்திருக்கிறாள்.

கோடுகளைப் பார்த்த அந்தப் பெண், “ரசம் வச்ச நாள்ல எல்லாம் விழுதே. பெருங்காயம் போடுவீங்களாம்மா? கடையில விக்கிறதுல பெரும்பாலும் மைதா மாவோ கோதுமை மாவோ கலந்துதான் இருக்கும்” என்றாள்.

பெருங்காய டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல உனக்கு யாரும் இல்லை. குழாய் விட்டுப் பார்க்க யாரும் இல்லை. மிளகு, சீரகம், புளி, பூண்டு என்று ஒவ்வொன்றாக விலக்கி, ரசத்துக்குள் ஒரு சிட்டிகையாக ஒளிந்திருந்ததை உன் வயிறு கண்டுபிடித்திருக்கிறது. மலையைப் பார்த்தால், கடலைப் பார்த்தால் சிலர் கும்பிடுவார்கள். நான் அன்று உன் கரிக்கோட்டை நினைத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கையெடுத்துக் கும்பிட்டேன். மகள் நான் டாக்டரைக் கும்பிடுகிறேன் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து தூக்குவாளியை இறக்கச் சொன்னேன்.

போன ஆவணியில் உன் பேத்தி கல்யாணம். பாலம் தாண்டிப் போனேன், மடியில் தூக்குவாளியோடு. பந்தியில் இலையை மட்டும் போடச் சொல்லிவிட்டு மூடியைத் திறந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி.

“என்னத்தா, சோத்தைக் கட்டிக்கிட்டா வந்தீக?”

அந்தக் கேள்வியின் எடை எனக்குத் தெரியும். காதெல்லாம் சுட்டது. நானாக ஒன்றும் யோசிக்கவில்லை, உன் பேச்சுத்தான் வந்தது.

“பசிக்குத் திங்கிறேன் தாயி. ஊருக்குத் திங்க ஏலாது.”

“அதுஞ்சரிதான்” என்று அவள் தன் இலையை ஒரு சாண் நகர்த்தி, தூக்குவாளிக்கு இடம் விட்டுவிட்டு வடையைப் பிட்டாள்.

ஒரு சாண் அக்கா. அவ்வளவுதான் அன்று நானும் செய்திருக்க வேண்டியது.

நிதானமாக உட்கார்ந்து, நீ பாதியில் மூடியதைக் கடைசிப் பருக்கை வரை தின்றேன். கழுவித் தருகிறேன் என்று உன் மகள் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. பாலத்தில் பஸ் போகும்போது மடியில் இருந்தது. மூடியை லேசாகத் திறந்து முகர்ந்துவிட்டு மூடிக்கொண்டேன்.