ஈரானுக்குப் போகாத மாத்திரைகள்

அக்கா,

இன்று காலை நிஷா என் வீட்டில் இருந்தாள். வெறும் வயிற்றில் மாத்திரையை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு வாடை அடுக்களையில் எழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "குடிக்கது நானு, நீங்க எதுக்கு சித்தி மூஞ்சியச் சுளிக்கீங்க?" என்று உங்கள் மகள் சிரித்தாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? அந்த வாடையை நான் முதலில் முகர்ந்தது செம்பூரில், நம் கம்பெனி கோடவுனில். அன்றைக்கு நீங்கள் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

நான் மேல்மாடியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிறவள். நீங்கள் கீழே பேக்கிங் செக்‌ஷனுக்குத் தலைவி. நான் லேபர் கேம்ப்பில் குடியிருப்பவள், நீங்கள் தாராவி, இரண்டு பேருக்கும் ஒரே பஸ். ஆபீஸில் எல்லாரும் என்னை மேடம் என்பார்கள், நீங்கள் ஒருத்திதான் 'ஏட்டி' என்பீர்கள். கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலையை யாருக்கும் விடமாட்டீர்கள். பிஸ்மி சொல்லி, உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தித்தான் ஒட்டுவீர்கள். எந்த வீட்டுப் பிள்ளை வாயில் போடப்போகுதோ என்பீர்கள்.

நிஷாவுக்குப் பிறவியிலேயே ரத்தம் ஊறாத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேரும். அதை வெளியே தள்ள தினமும் இந்த மாத்திரை. நிறுத்தினால் ஈரலும் இருதயமும் கெட்டுப்போகும். இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். அதனால், ஈரானில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து அதே மாத்திரைக்கு ஆர்டர் வந்தபோது நீங்கள் தனிச் சந்தோஷத்தில் இருந்தீர்கள்.

அந்த நாட்டின் மேல் பொருளாதாரத் தடை இருக்கிறது, ஆனால் மருந்துக்கு விலக்கு உண்டு என்று காகிதத்திலேயே போட்டிருந்தது. சட்டத்தை நம்பினோம். குழந்தைகளுக்கான மருந்து என்று தெளிவாக எழுது, படிக்கிறவன் மனசு இளகும் என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் ஒரு முட்டாள்! ஆஸ்பத்திரி பேர், ஊர் பேர், குழந்தைகள் வார்டு என்று ஒன்று விடாமல் எழுதினேன். படித்தது மனுஷனே இல்லை, அக்கா. பேங்கின் கம்ப்யூட்டர். நாட்டின் பேரைக் கண்டதும் நிறுத்திவிட்டது. பிறகு பேங்கிலிருந்து பதில் வந்தது. மருந்துக்குத் தடை இல்லை, இருந்தாலும் அந்த நாட்டுப் பணத்தை நாங்கள் வாங்குவதாக இல்லை என்று. இன்னொரு பேங்கும் அதையே சொன்னது.

"தடை இல்லைன்னும் சொல்லுதான், வேண்டாம்னும் சொல்லுதான். அப்போ பிள்ளைய எதுட்டி காப்பாத்தும், அந்தக் காயிதமா?" என்று கேட்டீர்கள்.

பணம் வர வழியில்லாமல் பெட்டிகள் கோடவுனில் கிடந்தன. அட்டையெல்லாம் அவர்கள் மொழியில் அச்சடித்தது. இங்கே விற்க அனுமதி கிடையாது. மாதங்கள் ஓடி, தேதி முடிந்தது. தேதி முடிந்த மருந்து வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு அட்டையாகப் பிதுக்கி, மாத்திரைகளை டிரம் தண்ணீரில் கொட்ட வேண்டும். சாட்சிக்கு நான் நின்றேன். நீங்கள் பிதுக்கினீர்கள். நிஷா தினமும் கரைத்துக் குடிக்கிற அதே மாத்திரை. இரண்டு நாள் பிதுக்கினீர்கள். பெருவிரல் நகத்தடியில் ரத்தம் கட்டியிருந்தது. டிரம் வெள்ளைக் கூழாக நுரைத்தது, நான் அட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தேன். பெற்ற தாயின் கையாலேயா இதைச் செய்ய வைப்பார்கள்?

அந்த வாரம்தான் ஈரான் ஆஸ்பத்திரியில் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா எனக்கு மறுபடி போன் செய்தாள். முன்பெல்லாம் மருந்து எப்போது வரும் என்று கேட்பாள். இந்தத் தடவை மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு கடிதம் கேட்டாள். மருந்து ஏன் வரவில்லை என்று எங்கள் கம்பெனி பேரில் ஒரு வரி. "நானே மருந்தை வெளியே விற்றுவிட்டேன் என்று பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்கிறார்கள், என் முகத்தில் துப்பினார்கள்" என்றாள். தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில், அழாமல் சொன்னாள்.

முதலாளி சேட்டிடம் கேட்டேன். அந்த நாட்டுக்கு ஒரு எழுத்தும் போகக் கூடாது, வக்கீல் சொல்லியிருக்கிறார் என்றுவிட்டார். உங்களிடம் வந்து சொன்னேன்.

"உன் பேர்ல எழுதிக் குடேன்."

"வேலை போயிரும்க்கா."

நீங்கள் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தீர்கள். "எனக்கு எழுதத் தெரிஞ்சா நானே எழுதிருப்பேன்" என்றீர்கள். அவ்வளவுதான். மறுநாள் எப்போதும்போல எனக்கும் சேர்த்து மீன் குழம்பு கொண்டுவந்தீர்கள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிள்ளைக்கு முன்னால் நான் போயிரணும் என்பீர்கள். போன மழைக்காலத்தில், பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். நிஷாவுக்கு இருபத்திரண்டு வயது. தாதரில் வேலைக்குப் போகிறாள். மாத்திரை கிடைத்தது, வளர்ந்தாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதை நினைத்துத்தான் எனக்கு இன்று திக்கென்றது.

அவள் கிளம்பிய பிறகு எழுதினேன், அக்கா. என் பேரில், கம்பெனி பேரும் போட்டு. மருந்து தயாராக இருந்தது, பேங்க் பணம் வாங்க மறுத்ததால் நாங்கள் அனுப்பவில்லை, உங்கள் மருந்தகத்து அம்மா எதையும் விற்கவில்லை என்று. கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து, அந்தப் பழைய நம்பருக்கு அனுப்பினேன். சேட்டுக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "நன்றி. இன்னும் வருகிற அம்மாக்களிடம் காட்டுகிறேன்."

இன்னும் வருகிற அம்மாக்கள். அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு வர ஒரு பிள்ளை இருந்தால்தானே அக்கா, அந்த வாசலுக்கு ஒரு அம்மா வருவாள்.